உருளைச் சறுக்கின் அச்சும் சக்கரமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர் எத்துணை உயரமாயினும், அதில் எத்துணைச் சிற்பங்கள் நிறைந்திருப்பினும், அதனை ஓடச் செய்வது சக்கரத்தின் நடுவே மறைந்து கிடக்கும் ஒரு சிறு பொருளே. இவ்வுண்மை தேருக்கு மட்டும் உரியதன்று. சக்கரம் பூண்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும். சிறுவர் காலில் அணிந்து ஓடும் ரோலர் ஸ்கேட்டுக்கும் பொருந்தும்.

ஜொகூர் மாநிலத்தின் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளில் மாலை வேளைகளில் பிள்ளைகள் சக்கரக் காலணி அணிந்து விளையாடுவது இன்று புதுமையான காட்சியன்று. அதனை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் காலணியின் நிறத்தையும் அளவையும் பார்ப்பர், விலையைப் பார்ப்பர். சக்கரம் அச்சில் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்போர் மிகச் சிலரே. ஆனால், இக்கருவியின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். உருளைச் சறுக்கின் ஒவ்வொரு வளர்ச்சியும் காலணியில் நிகழ்ந்ததன்று. சக்கரம் அச்சைச் சந்திக்கும் இடத்தில் நிகழ்ந்ததாகும். அந்த வரலாற்றில் ஜொகூர் மண்ணுக்கும் தோட்டத் தமிழருக்கும் மறைமுகமானதோர் உறவு உண்டு என்பதும் அறியத்தக்கது.

கண்ணாடியை உடைத்த கலைஞர்

சக்கரக் காலணியைச் செய்தவராக முதன்முதல் பெயர் சொல்லப்படுபவர் ஜான் ஜோசப் மெர்லின். இன்றைய பெல்ஜிய நாட்டின் ஹூயி என்னும் ஊரில் 1735-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1760-இல் இலண்டன் மாநகருக்கு வந்தார். கடிகாரங்களும் இசைக்கருவிகளும் செய்வதில் வல்லவர். நோயாளிகள் தாமே உருட்டிச் செல்லும் நாற்காலி ஒன்றையும் அமைத்தவர். பிற்காலத்தில் தம் விந்தைப் பொறிகளைக் காட்டும் கூடம் ஒன்றையே நடத்தியவர்.

இலண்டன் சோஹோ பகுதியில் இருந்த கார்லைல் மாளிகையில் நடந்த விருந்தொன்றில், மெர்லின் காலில் சிறு உலோகச் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு, வயலின் வாசித்தவாறே உருண்டு வந்தாராம். வந்தவருக்கு வேகத்தைக் குறைக்கவும் தெரியவில்லை. திசையைத் திருப்பவும் இயலவில்லை. 500 பவுனுக்கு மேல் விலைபெறும் பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி தூளாயிற்று, வயலின் நொறுங்கிற்று, அவரும் பலத்த காயமுற்றார் என்று பிற்கால நூல்கள் கூறுகின்றன.

இக்கதையைப் படிப்போர் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் இதில் ஒரு பாடம் உள்ளது. மெர்லின் சிறந்த கைவினைஞர். அவர் செய்த சக்கரம் நன்றாகவே உருண்டது. குறை சக்கரத்தில் இல்லை. ஆடாமல் அசையாமல் காலணியோடு இறுக்கிப் பொருத்தப்பட்ட அச்சில்தான் குறை இருந்தது. மனிதன் உடலைச் சாய்த்தாலும் அச்சு சாய்ந்து திரும்பவில்லை. ஆகவே நேராகப் போவதைத் தவிர வேறு வழி அதற்குத் தெரியவில்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளில் பலரும் இதில் கை வைத்தனர். 1819-இல் பாரிஸ் நகரில் பெத்திப்ளே என்பவர் சக்கரக் காலணிக்குக் காப்புரிமை பெற்றார். 1823-இல் இலண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் என்னும் பழ வணிகர் ஐந்து சக்கரங்களை ஒரே வரிசையில் அமைத்து, அதற்கு ‘ரோலிட்டோ’ என்று பெயரிட்டார். 1849-இல் பாரிஸில் அரங்கேறிய மேயர்பீரின் ‘லெ புரோஃபெத்’ என்னும் இசை நாடகத்தில், பனிச்சறுக்குக் காட்சி ஒன்றைச் சக்கரக் காலணிகளைக்கொண்டே நடித்துக் காட்டினர். மக்கள் வியந்தனர். ஆயினும் பயிற்சி மிக்க சிலரைத் தவிர மற்றவர்க்கு அக்கருவி எட்டாக்கனியாகவே இருந்தது.

ரப்பர்த் துண்டு செய்த புரட்சி

மாற்றம் 1863-இல் வந்தது. நியூயார்க் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் லெனார்ட் பிளிம்ப்டன் என்பவர் நான்கு சக்கரங்களை முன்னே ஒரு சோடியும் பின்னே ஒரு சோடியுமாகப் பிரித்து அமைத்தார். அதனினும் முக்கியமானது, அச்சுக்கும் காலணிப் பலகைக்கும் இடையே ரப்பர்த் துண்டுகளை வைத்தார் என்பதாகும். அணிந்தவர் ஒரு புறம் சாய்ந்தால் அப்புறத்து ரப்பர் நசுங்கும். அச்சுகள் சரிவாகப் பொருத்தப்பட்டிருப்பதால், நசுங்கும்போது முன் அச்சும் பின் அச்சும் வளைவின் பக்கமாகத் திரும்பும். நிமிர்ந்தால் ரப்பர் மீண்டும் விரிந்து அச்சுகளை நேராக்கும். உடலின் சாய்வே சுக்கானாயிற்று.

மெர்லினால் இயலாததை ஒரு ரப்பர்த் துண்டு சாதித்தது. இன்று நான்கு சக்கர ஸ்கேட்டிலும் ஸ்கேட் போர்டிலும் உள்ள அமைப்பு, அடிப்படையில் பிளிம்ப்டன் கண்டதே. அந்தத் துண்டின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் நடுவில் உள்ள திருகைத் திருப்புகிறார்கள். தொடக்கநிலைப் பயிற்சியாளருக்கு அது சற்று இறுக்கமாக இருத்தல் நன்று, தேர்ந்தவர் தளர்த்திக்கொள்வர்.

பிளிம்ப்டன் தம் ஸ்கேட்டுகளை எல்லாருக்கும் விற்றுவிடவில்லை. சறுக்கு மண்டபங்களுக்குக் குத்தகையாகக் கொடுத்தார். 1866-இல் நியூபோர்ட் நகரில் விடுதி ஒன்றின் உணவுக்கூடமே சறுக்கு மண்டபமாயிற்று. 1870-களில் இங்கிலாந்திலும் இம்மோகம் பரவியது. அவருடைய அமைப்பைப் பிறர் களவாடியதாக வழக்குகளும் எழுந்தன. 1876-இல் நடந்த பிளிம்ப்டன் எதிர் மால்கம்சன் வழக்கு காப்புரிமைச் சட்டம் பயில்வோர் அறிந்த ஒன்று. ஓர் அச்சு திரும்பும் முறைக்காக நாடுகடந்து நீதிமன்றம் ஏறினர் என்றால், அதன் மதிப்பை உணரலாம்.

பிளிம்ப்டன் ரப்பரை வைத்த 1863-ஆம் ஆண்டில் மலாயாவில் பால்மரம் இல்லை. உலகுக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்தே சென்றது. சார்லஸ் குட்யியர் 1839-இல் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டிராவிடில், அந்த ரப்பரும் வெயிலில் இளகிக் குளிரில் வெடித்திருக்கும். அக்காலத்து ஜொகூரோ கம்பீரும் மிளகும் விளைந்த நாடு. சீனர்கள் ஆற்றோரங்களில் கங்சு முறையில் குடியேறிப் பயிரிட்டு வந்தனர்.

மரச் சக்கரமும் மரத் தண்டவாளமும்

பிளிம்ப்டன் காலத்து ஸ்கேட்டுகளின் சக்கரம் பாக்ஸ்வுட் என்னும் இறுகிய மரத்தால் ஆனது. தளமும் மரப்பலகையே. மரத்தின்மேல் மரம் உருளும்போது சத்தம் குறையும், தளமும் கெடாது. ஆனால் சக்கரத்தின் துளை விரைவில் தேய்ந்து அகலும். அகன்றால் சக்கரம் ஆடும். ஆடினால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவாகும். மண்டபத்தின் ஸ்கேட் அறையில் சக்கரங்களைக் கழற்றி மாற்றுவதும், அச்சுக்கு எண்ணெய் இடுவதும் ஓயாத வேலையாயின.

ஏறத்தாழ அதே காலத்தில், ஜொகூரிலும் மரத்தின்மேல் சக்கரத்தை ஓட்டும் சோதனை ஒன்று நிகழ்ந்தது. 1866-இல் தஞ்சோங் புத்திரி என்னும் சிற்றூருக்கு ஜொகூர் பாரு எனப் பெயர் சூட்டிய அபூ பக்கார், 1869-இல் அங்கிருந்து குனோங் பூலாய் நோக்கி ரயில்பாதை அமைக்கும் பணியைத் தொடங்கினார். இரும்புத் தண்டவாளம் செலவு மிக்கது. காட்டு மரமோ ஜொகூரில் மிகுதி. ஆகவே மரத்தாலேயே தண்டவாளம் இட்டனர். திட்டம் துணிவானது, மலாய் மன்னர் ஒருவர் தம் முயற்சியால் தொடங்கிய ரயில்பாதை என்ற பெருமையும் உடையது. ஆனால் நனைந்து காயும் காட்டு நிலத்தில் மரம் நிலைக்கவில்லை. கரையான் அரித்தது. பாதை கைவிடப்பட்டது. 1909-இல் இரும்புப் பாதையாக ஜொகூர் ரயில்வே திறக்கப்பட்டபோதுதான் அந்நகரம் வடக்கோடு இணைந்தது.

மண்டபத்து மரத்தளத்தில் ஓடிய சக்கரத்தையும் குனோங் பூலாய்க் காட்டில் ஓடாத சக்கரத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையது. சக்கரம் தனியாக உருளுவதில்லை. மேலே அச்சும் கீழே தளமும் அதற்கு இசைய வேண்டும். இவ்விரண்டில் ஒன்று கெட்டாலும் சக்கரம் சுமையே ஆகும். மரத்தளத்தை மண்டபத்துக் கூரை காத்தது. ஜொகூர்க் காட்டில் மழையையும் கரையானையும் தடுக்கக் கூரை இல்லை.

குண்டுகளின் வருகை

தளத்தின் சிக்கல் மண்டபத்தால் தீர்ந்தது. அச்சின் சிக்கல் எஞ்சி நின்றது. துளையும் அச்சும் நேருக்கு நேர் உராய்ந்தால் வெப்பம் பிறக்கும், தேய்வு மிகும். மாட்டுவண்டிக்காரர் இதனை நன்கறிவர். ஆகவேதான் சக்கரக் குடத்துக்குள் எண்ணெயும் கரியும் கலந்த வண்டி மை இடுவர். மை உராய்வைக் குறைக்குமே தவிர நீக்காது.

உராய்வதற்குப் பதிலாக உருளச் செய்தால் என்ன என்ற எண்ணம் பழையது. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் நகரைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர், வண்டி அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே குண்டுகளை வைக்கும் முறைக்கு 1794-லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் ஒரே அளவான குண்டுகளைச் செய்வது அன்று எளிதன்று. ஒரு குண்டு மயிரிழை பெரிதாயினும் முழுச் சுமையும் அதன்மேல் விழும். அது உடைந்தால் மற்றவையும் கெடும்.

1876-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லியம் பௌன் என்பவர் ரோலர் ஸ்கேட் சக்கரத்துக்காகவே ஒரு காப்புரிமை பெற்றார். அச்சின் நிலையான பகுதியும் சுழலும் பகுதியும் ஒன்றையொன்று தொடாதபடி அமைப்பதே அவர் நோக்கம். அவரோடு உழைத்த ஜோசப் ஹென்றி ஹியூஸ், 1877-இல் சைக்கிளுக்கும் வண்டிக்கும் உரிய குண்டுத் தாங்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இறுக்கத்தை வேண்டியவாறு திருத்திக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. சைக்கிளின் அச்சும் ஸ்கேட்டின் அச்சும் ஒரே பட்டறையில் வளர்ந்த உடன்பிறப்புகள் என்பது இதனால் விளங்கும்.

1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகக் கடையும் பொறியை அமைத்தார். அதன்பின் குண்டுகள் மலிந்தன. 1884-இல் அமெரிக்கரான லெவன்ட் ரிச்சர்ட்சன் ஸ்கேட் சக்கரத்தில் எஃகுக் குண்டுகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1898-இல் சிக்காகோ நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் பந்தய வீரர் பலருக்கு ஸ்கேட் செய்து கொடுத்தது. ஓர் உந்தலில் பல அடி தூரம் செல்ல முடிந்ததும், பெண்களும் சிறுவரும் களைப்பின்றி ஓட முடிந்ததும் அக்குண்டுகளாலேயே ஆகும்.

தோட்டத்துச் சைக்கிள் கற்பித்த பாடம்

இக்குண்டுகள் மலாயாத் தோட்டப்புறத்துக்கு ஸ்கேட் வழியாக வரவில்லை; சைக்கிள் வழியாக வந்தன. 1877-இல் 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை அழிக்காமல் பால் எடுக்கும் சீவுமுறையைக் கண்டார். அதே 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். டயருக்காக உலகம் ரப்பர் கேட்டது. ரப்பருக்காக ஜொகூரில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. தோட்டத்துக்காகத் தமிழர் கப்பலேறினர். சக்கரம் ஒன்றே இம்மூன்றையும் இழுத்து வந்தது.

பால்மரம் சீவிய தொழிலாளர் பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டி நிறுவைக்குக் கொண்டு சென்றனர். செம்மண் சாலை, மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. ஆகவே சைக்கிளின் ஹப்பைப் பிரித்துச் சுத்தம் செய்வது பலருக்கும் கைவந்த தொழிலாயிற்று. இருபுறமும் உள்ள கோனைக் கழற்றுவர். குண்டுகளை எண்ணி ஒரு தட்டில் இடுவர். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிண்ணத்தில் கிரீஸ் தடவி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பர். பிறகு கோனைத் திருகுவர். இங்கேதான் கைத்திறன் வேண்டும். அதிகம் இறுக்கினால் குண்டுகள் நசுங்கிக் கிண்ணத்தில் பள்ளம் விழும். குறைவாக இறுக்கினால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். ஆட்டமும் இல்லாமல், பிடிப்பும் இல்லாமல், சக்கரம் தன் எடையாலேயே மெல்லச் சுழன்று நிற்கும் நிலையே சரியான நிலை. அதனை அளக்கக் கருவி இல்லை, விரல்தான் அறியும்.

ரிச்சர்ட்சன் காலத்து ஸ்கேட்டின் அமைப்பும் இதுவே: கிண்ணம், குண்டு, கோன். சிக்காகோவின் சறுக்கு மண்டபத்தில் ஒருவன் அறிந்திருந்த விரல்நுட்பத்தைத் தோட்டத்து லயத்தின் வாசலில் ஒரு தொழிலாளியும் அறிந்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தபோதும் இந்நுட்பம் வேறொரு வகையில் வெளிப்பட்டது. படைவீரர் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் வந்தனர். ஒவ்வொரு பிரிவோடும் சைக்கிள் பழுதுபார்ப்போர் உடன் வந்தனர். வெயிலில் டயர் வெடித்தபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வட்டையிலேயே ஓட்டினர். அந்த இரைச்சலை டாங்கிப் படை வருவதாக எதிர்த்தரப்பினர் மயங்கியதும் உண்டு. 1942 ஜனவரி 31-இல் கடைசிப் பிரிட்டிஷ் படைகள் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. அந்த ஆக்கிரமிப்பு, தோட்டத் தமிழரைச் சயாம் மரண ரயில்பாதைக்கு இட்டுச் சென்ற துயரம் தனியே எழுதத்தக்கது. சக்கரத்தின் வரலாற்றுக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி இவ்வளவே: டயர் இல்லாமலும் சக்கரம் உருளும், அச்சு இறுகிப் போனால் உருளாது.

ரப்பர் இழந்த இடம்

ஸ்கேட் சக்கரத்தின் பொருள் காலந்தோறும் மாறிற்று. மரத்துக்குப் பின் எஃகும், களிமண் கலவைச் சக்கரங்களும் வந்தன. எஃகு நெடுநாள் உழைக்கும். ஆனால் தெருவில் அதிரும், வழுக்கும். களிமண் கலவைச் சக்கரமோ சிறு கல்லில் சிக்கினாலும் நின்றுவிடும். சவாரி செய்பவன் தலைகுப்புற விழுவான். அத்துடன், பிரிந்து கிடந்த குண்டுகள் ஓட்டத்திலேயே உதிர்ந்து தெருவில் சிதறுவதும் உண்டு.

ரப்பர் விளைந்த நாட்டில் வாழ்வோர்க்கு, ஸ்கேட் சக்கரம் ரப்பராலேயே ஆகியிருக்கும் என்று தோன்றலாம். நிகழ்ந்தது வேறு. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்னும் வேதியியலறிஞர் பாலியூரித்தேன் என்ற பொருளை உருவாக்கினார். ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதால் ரப்பர் கிடைக்காமற்போன அமெரிக்கா, செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்க இளைஞர், வர்ஜீனியா மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் செய்யப்பட்ட பாலியூரித்தேன் சக்கரங்களை ஸ்கேட் போர்டில் மாட்டிப் பார்த்தார். அவை தரையைப் பற்றின, சிறு கல்லை விழுங்கி ஓடின, சத்தமும் அடங்கிற்று. சில ஆண்டுகளில் மற்றெல்லாச் சக்கரங்களையும் அவை வென்றன. இன்று ஸ்கேட்டின் கால்முனையில் உள்ள தடைக்கட்டை போன்ற சில இடங்களிலேயே ரப்பர் எஞ்சி நிற்கிறது.

ரப்பரால் வாழ்ந்த ஜொகூர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. பால்மரம் நின்ற நிலத்தில் எழுந்த தெருக்களில் இன்று பாலியூரித்தேன் சக்கரங்கள் உருள்கின்றன. இது வரலாற்றின் கேலியன்று; ஒரு பொருளை மட்டும் நம்பி வாழும் வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதன் சான்று.

பேரிங்கும் இதே காலத்தில் மாறியது. குண்டுகள் உதிராமல் இரு எஃகு வளையங்களுக்குள் அடைத்த பேரிங் வந்தது. இன்று உலகில் விற்கும் ஸ்கேட்டுகளில் பெரும்பாலானவை 608 என்ற எண்ணுடைய பேரிங்கையே கொண்டுள்ளன. அதன் உட்துளை 8 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மலேசிய 50 சென் நாணயத்தின் அளவு. தடிப்பு 7 மில்லிமீட்டர். உள்ளே பெரும்பாலும் 7 குண்டுகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபுறமும் ஒன்றாக இரண்டு. ஆக, எட்டுச் சக்கரமுள்ள ஒரு சோடி ஸ்கேட்டில் 16 பேரிங்குகள், 112 குண்டுகள். இத்தனைக்கும் மேலேதான் ஒரு பிள்ளை நிற்கிறது.

பொருத்தும் முறையும் காக்கும் முறையும்

கோன் திருகும் நுட்பம் மறைந்ததால் கவனமும் வேண்டாம் என்று எண்ணுவது தவறு. பேரிங்கைச் சக்கரத்தில் நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் வளையம் கோணும். இரு பேரிங்குகளுக்கும் நடுவே இடைக்குழாய் இருக்குமாயின், நட்டை நன்றாக முடுக்கலாம்; சுமையை அக்குழாய் தாங்கும். நான்கு சக்கர ஸ்கேட்டுகளில் இடைக்குழாய் இல்லாதிருப்பது உண்டு. அவ்வாறாயின் நட்டை முடுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலும் வரை சிறிது தளர்த்த வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மிக நுண்ணிய அசைவு தெரியலாம், கடகடவென ஆடக்கூடாது. பழைய கோன் கேட்ட விரல்நுட்பத்தை இன்றைய நட்டும் கேட்கிறது.

நட்டின் உள்ளே உள்ள நைலான் வளையம் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்பை இழக்கும். அத்தகைய நட்டை மாற்றுவதே அறிவுடைமை. ஓட்டத்தின் நடுவே சக்கரம் கழன்றால் முதலில் தரையில் ஊன்றப்படுவது கை; முறிவது மணிக்கட்டு.

சக்கரம் எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தேய்வதில்லை. உந்தும்போது உட்புற விளிம்பில் அழுத்தம் மிகுதி. ஆகவே ஒரே வரிசைச் சக்கரங்களில் முதலாவதை மூன்றாவதோடும், இரண்டாவதை நான்காவதோடும் மாற்றி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மாட்டுவர். நான்கு சக்கர ஸ்கேட்டிலும் உட்சக்கரத்தையும் வெளிச்சக்கரத்தையும் இடம் மாற்றுவர். தளத்துக்கேற்பச் சக்கரத்தின் கடினமும் மாறும். வழவழப்பான மண்டபத் தளத்துக்குக் கடினமானதும், கரடான தெருவுக்கு மென்மையானதும் ஏற்றவை.

ஜொகூரின் ஈரக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் எஃகுக்குப் பகை. மழைநீரில் ஓடிய ஸ்கேட்டை அப்படியே பையில் கட்டி வைத்தால் சில நாள்களில் பேரிங் துருவேறும். சக்கரத்தைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். அழுக்கேறிய பேரிங்கின் மூடியை எடுக்க இயலுமாயின் எடுத்து, மண்ணெண்ணெய் போன்ற ஒன்றில் கழுவி, நன்கு உலர்ந்தபின் ஓரிரு துளி மெல்லிய எண்ணெய் இட வேண்டும். மழையில் ஓடுவோர்க்குக் கிரீஸ் நன்று. வேகம் சற்றுக் குறைந்தாலும் நீர் புகாமல் காக்கும். தோட்டத்துச் சைக்கிளுக்குச் செய்த தொண்டும் இதுவே. மாட்டுவண்டிக்கு மை இட்டதும் இதுவே.

மெர்லின் வரிசைக்கு மறுவாழ்வு

1980-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓல்சன் சகோதரர் இருவர், சக்கரங்களை மீண்டும் ஒரே வரிசையில் அமைத்து ‘ரோலர்பிளேட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். மெர்லினும் டையர்சும் தோற்ற இடத்தில் அவர்கள் வென்றதற்குக் காரணம் உண்டு. கணுக்காலை இறுகப் பிடிக்கும் காலணி இருந்தது. தரையைப் பற்றும் பாலியூரித்தேன் இருந்தது. உராய்வின்றிச் சுழலும் பேரிங் இருந்தது. சாய்ந்தால் வளையும் வட்டமான விளிம்பும் சக்கரத்துக்கு அமைந்தது. பழைய எண்ணம் தவறன்று. அதனைத் தாங்கும் அச்சும் பொருளும் பிறக்க இருநூறு ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் இவ்விளையாட்டு ஆங்கிலேயர் வழியாக மலைவாசத்தலங்களில் வேரூன்றியது. 1955-இல் இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு தோன்றியது. தமிழ்நாட்டு நகரங்களில் ஸ்கேட் வாங்க இயலாத சிறுவர், பட்டறைகளில் எறிந்த பழைய பேரிங்குகளை மரப்பலகையில் பொருத்தி, ‘பேரிங் வண்டி’ செய்து ஓட்டினர். டயரோ பாலியூரித்தேனோ இல்லாத அவ்வண்டியில் பேரிங்கே சக்கரம்! சக்கரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அச்சிறுவர் எந்த நூலையும் படிக்காமல் அறிந்திருந்தனர்.

அந்தத் தமிழ்நாட்டிலிருந்தே உலக வெற்றியும் வந்தது. 2022-ஆம் ஆண்டுக்குரியதாக 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் வென்றன. இரண்டிலும் தமிழகத்தார் இடம்பெற்றிருந்தனர். ஆடவர் அணியில் இருந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025-இல் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 24.924 நொடிகளில் கடந்து தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல். விரைவுப் பந்தயங்களில் வழக்கமான 110 மில்லிமீட்டர் சக்கரம் அவ்வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 34 முறை சுழலும். அந்த 34 சுற்றில் ஒரு குண்டு முரண்டினாலும் பதக்கம் கைநழுவும்.

வெற்றி பெற்றவர் பெயரை உலகம் அறியும், அறிய வேண்டியதே. ஆனால் மெர்லின் முதல் இன்றுவரை, சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிய கைகளின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. சறுக்கு மண்டபத்து ஊழியனும், சைக்கிள் கடைக்காரரும், பால் வாளி சுமந்த சைக்கிளைத் தானே பழுதுபார்த்துக்கொண்ட தோட்டத் தொழிலாளியும் அவ்வரிசையில் உள்ளவர்களே. புதியது காண்பது ஒரு கலை என்றால், கண்டதைக் கெடாமல் காப்பதும் ஒரு கலை. பிள்ளைகளுக்குச் சக்கரக் காலணி வாங்கித் தரும் பெற்றோர், அதனுடன் ஒரு ஸ்பேனரையும் ஒரு துணியையும் கொடுத்து, மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழக்குவாராயின், விளையாட்டோடு சேர்ந்து ஒரு தொழிலறிவும் பிள்ளையின் கையில் தங்கும்.